ஷெப்பர்டுக்கு என்னதான் ஆச்சு? மாஸ் எஃபெக்ட் 3 முடிவு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாஸ் எஃபெக்ட் வீடியோ கேமின் மூன்றாம் பாகம் வெளிவந்தது 2012 மார்ச்சில். அப்போது ஆரம்பப் பள்ளியில் இருந்த பிள்ளைகள் இப்போது மூன்று பாகமும் ஒன்றாக வரும் லெஜண்டரி எடிஷனைத் தள்ளுபடியில் வாங்கி ஆடி முடிக்கிறார்கள். முடித்த கையோடு கோலாலம்பூரின் செந்தூலிலோ பிரிக்பீல்ட்ஸிலோ மாமாக் கடை மேசையில் வந்து உட்கார்ந்து, "அண்ணே, இவ்வளவுதானா?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி என் தே தாரிக் ஆறிப்போனதுதான் மிச்சம். அதனால் வழக்கமாக வரும் கேள்விகளை இங்கே சேர்த்து வைக்கிறேன்.

மூன்று பாகங்களின் கதையும் இதில் போட்டு உடைக்கப்படுகிறது. இன்னும் ஆடாதவர்கள் எப்படி வாங்குவது என்ற கேள்விக்கு நேராகப் போய், அதைப் படித்ததும் மூடிவிடுங்கள்.

நான் இந்த கேமையே ஆடினதில்ல. எல்லாரும் எதைப் பத்திப் பேசுறீங்க?

கனடாவின் எட்மண்டன் நகரத்து பயோவேர் நிறுவனம் செய்த விண்வெளிக் கதை இது. முதல் பாகம் 2007 நவம்பர், இரண்டாவது 2010 ஜனவரி, மூன்றாவது 2012 மார்ச். நீங்கள்தான் கமாண்டர் ஷெப்பர்ட். ஆணா பெண்ணா, முகம் எப்படி, பிறந்து வளர்ந்த கதை என்ன என்பதெல்லாம் உங்கள் விருப்பம். நார்மண்டி என்று ஒரு கப்பல், அதில் மனிதரும் வேற்றுக்கோள்காரரும் கலந்த ஒரு குழு. எதிரிகள் ரீப்பர்கள். 50,000 ஆண்டுக்கு ஒருமுறை வந்து, அதுவரை முன்னேறிய உயிரினங்களை எல்லாம் அறுவடை செய்துவிட்டுப் போகும் ராட்சத இயந்திரங்கள். மூன்று பாகமும் அந்த ஒரே போரை நோக்கித்தான் நகர்கின்றன.

பாதி துப்பாக்கிச் சண்டை, பாதி பேச்சு. பேச்சுதான் ருசி.

"தேர்வு, தேர்வு"ன்னு சொல்றீங்களே, சும்மா பட்டன் அழுத்துறதுதானே?

பட்டன்தான். ஆனால் அழுத்தியதை ஆட்டம் ஞாபகம் வைத்திருக்கும். முதல் பாகத்தை முடித்த சேவ் ஃபைலை இரண்டாம் பாகம் படிக்கும், இரண்டின் ஃபைலை மூன்றாவது படிக்கும். ஐந்து வருடத்துக்கு முன் நீங்கள் ஒருவரை மன்னித்தீர்களா சுட்டீர்களா என்பது அடுத்த பாகத்தில் வந்து நிற்கும்.

முதல் பாகத்திலிருந்து சில உதாரணங்கள். நோவேரியா என்ற பனிக்கோளில் ராக்னி இனத்தின் கடைசி ராணி கண்ணாடிக் கூண்டில் இருக்கிறாள், விடுவிக்கலாம், கொல்லலாம். வெர்மையர் என்ற கோளில் குழுவினர் இருவர் ஆளுக்கொரு மூலையில் மாட்டிக்கொள்கிறார்கள், ஆஷ்லியும் கைடனும். ஒருவரைத்தான் காப்பாற்ற முடியும். அதே வெர்மையர் கடற்கரையில் ரெக்ஸ் என்ற குரோகன் வீரர் உங்கள்மேல் துப்பாக்கியை நீட்டுவார். பேசிச் சமாளிக்கலாம். பேச்சு எடுபடாவிட்டால் அவர் உயிரோடு திரும்பமாட்டார். எனக்குத் தெரிந்த எத்தனையோ பேர் அந்தக் கடற்கரையில் கண்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு யோசித்திருக்கிறார்கள்.

சரி, கடைசியில என்ன நடக்குது? ஒரே மூச்சுல சொல்லுங்க.

ரீப்பர்கள் பூமியைத் தாக்கிவிட்டார்கள். ஷெப்பர்ட் எல்லா இனங்களையும் ஒன்றுசேர்த்து, குரூசிபிள் என்ற ஆயுதத்தோடு லண்டனுக்குத் திரும்புகிறார். அடிபட்டு, இரத்தம் ஒழுக, சிட்டடெல் நிலையத்துக்குள் ஏறுகிறார். அங்கே ஷெப்பர்டின் பழைய கேப்டன் ஆண்டர்சனோடும், செர்பரஸ் என்ற ரகசிய அமைப்பின் தலைவரான, மார்ட்டின் ஷீன் குரல் கொடுத்த இல்லூசிவ் மேனோடும் ஒரு காட்சி. நல்ல காட்சி. ஆண்டர்சன் பக்கத்தில் சாய்ந்து உட்கார்ந்து பூமியைப் பார்த்தபடியே உயிர் விடுகிறார். அங்கேயே திரை இருண்டிருந்தால் இந்தப் பக்கத்தை நான் எழுதியிருக்கமாட்டேன்.

இருளவில்லை. ஷெப்பர்டை ஒரு மேடை மேலே தூக்கிச் செல்கிறது. ஒளியால் ஆன ஒரு சிறுவன் வருகிறான். கேட்டலிஸ்ட் என்று பெயர். ரீப்பர்களை ஆள்வதே இவன்தான். மனிதர் போன்ற உயிர்கள் இயந்திரங்களைப் படைப்பார்கள், படைக்கப்பட்டவை படைத்தவரை அழிக்கும், அது நடக்காமல் தடுக்கத்தான் அறுவடை என்று விளக்குகிறான். பிறகு மூன்று வழிகளைக் காட்டுகிறான். சிவப்பு: ரீப்பர்களை அழிப்பது, கூடவே எல்லாச் செயற்கை அறிவும் அழியும். நீலம்: ஷெப்பர்ட் உயிரைக் கொடுத்து ரீப்பர்களைத் தன் கட்டுப்பாட்டில் எடுப்பது. பச்சை: உயிரையும் இயந்திரத்தையும் கலந்து எல்லாரையும் புதுப்பிறவி ஆக்குவது.

2012 மார்ச்சில் வந்த வடிவத்தில், எதைத் தேர்ந்தாலும் ஏறக்குறைய ஒரே காட்சிதான், நிறம் மட்டும் மாறும். கோள்களை இணைக்கும் மாஸ் ரிலே எல்லாம் வெடிக்கும். நார்மண்டி எங்கேயோ ஒரு காட்டுக்கோளில் விழும். அதிலிருந்து, சற்று முன் லண்டனில் உங்கள் பக்கத்தில் ஓடிவந்த ஆள் சிரித்துக்கொண்டே இறங்குவார். அவர் எப்போது கப்பல் ஏறினார்? பதில் இல்லை. ரிலே ஒன்று வெடித்தால் அந்தச் சூரியக் குடும்பமே சாகும் என்று இரண்டாம் பாகத்தின் அரைவல் டி.எல்.சியில் (தனியாகப் பதிவிறக்கும் கூடுதல் பகுதி) அவர்களே காட்டியிருந்தார்கள். அப்படியானால் எல்லா ரிலேயும் வெடித்ததும் யார் மிஞ்சினார்கள்? அதற்கும் பதில் இல்லை.

கடைசியில் ஒரு தாத்தா பேரனுக்குக் கதை சொல்வதுபோல் ஒரு துண்டு. அந்தக் குரல் நிலவில் இரண்டாவதாக நடந்த பஸ் ஆல்ட்ரினுடையது. அது அடங்கியதும் திரையில் ஒரு பெட்டி தோன்றும்: ஷெப்பர்ட் புராண நாயகர் ஆகிவிட்டார், மேலும் ஆடியும் டி.எல்.சி பதிவிறக்கியும் அந்தப் புகழை வளர்க்கலாம் என்று. அழுதுகொண்டிருப்பவரிடம் பில்லை நீட்டினார்கள்.

ஹீரோ செத்துட்டான்னுதானே எல்லாருக்கும் கோபம்?

இல்லை. இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஆடாதவர்கள். கர்ணன் சாவான் என்று தெரிந்தே கூத்துப் பார்க்க விடிய விடிய உட்கார்ந்த கூட்டத்தின் பேரப்பிள்ளைகள் நாம். நாயகன் சாவது நமக்கு ஒரு குறையே இல்லை. சாவுக்கு முன் அவன் செய்ததெல்லாம் கணக்கில் வரவேண்டும். கர்ணனின் கொடையும் சாபமும் அந்தத் தேர்ச்சக்கரம் புதையும் இடத்தில் ஒன்றாக வந்து சேர்கின்றன. ஷெப்பர்ட் செய்தது எதுவும் அந்த மேடையில் வந்து சேரவில்லை.

அப்போ உண்மையான குறை எது? மூணு நிறமா?

மூன்று நிறம் கண்ணில் படும் குறை. எல்லாரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். என்னைக் கேட்டால் நோய் அதற்கு வெகுமுன்னே, கப்பலில் இருக்கும் ஒரு திரையில் தொடங்கிவிட்டது.

மூன்றாம் பாகத்தில் நார்மண்டிக்குள் வார் அசெட்ஸ் என்று ஒரு பட்டியல் இருக்கும். நீங்கள் முன்பு செய்ததெல்லாம் அதில் ஒரு வரியாக வரும். வரிக்குப் பக்கத்தில் ஓர் எண். ராக்னி ராணியை விடுவித்தீர்களா, இத்தனை புள்ளி. விண்மீன் மண்டலத்தை ஆளும் சபையைக் காப்பாற்றினீர்களா, இத்தனை. யாரோ ஒருவரின் தொலைந்த பொருளைத் தேடிக் கொடுத்தீர்களா, அதற்கும் புள்ளி. எல்லாவற்றையும் கூட்டினால் படைபலம். ஓர் அளவைத் தாண்டினால் இன்னொரு நிறம் திறக்கும், இன்னும் தாண்டினால் லண்டன் கொஞ்சம் குறைவாக எரியும்.

கல்யாண வீட்டு மொய் நோட்டில் எழுதுவது இப்படித்தான். இருபது வருடம் பேசாத பெரியப்பா மனம் மாறி வந்து நின்றாலும் நோட்டில் விழுவது பெயரும் வெள்ளித் தொகையும்தான். ஆனால் கல்யாண வீட்டில் யாரும் நோட்டையே கல்யாணம் என்று நினைப்பதில்லை. மூன்றாம் பாகத்தின் கடைசிப் பகுதி நோட்டை மட்டும் வைத்துக்கொண்டு வந்தவர்களை வெளியே நிறுத்திவிட்டது. நான் விடுவித்த ராணியின் ராக்னிகள் லண்டன் போரில் கண்ணுக்கே தெரியவில்லை. அந்த மன்னிப்பு ஒரு கூட்டல் குறியாகப் போய்விட்டது.

ராணியைக் கொன்றவருக்கும் மூன்றாம் பாகத்தில் அதே பணி, அதே குகை. ரீப்பர்கள் செய்த செயற்கை ராணி ஒன்று அந்த இடத்தில் இருக்கும். மனிதகுலத்தின் சபை உறுப்பினராக ஆண்டர்சனைத் தேர்ந்திருந்தாலும், மூன்றாம் பாகம் தொடங்கும்போது அவர் பதவி விலகியிருப்பார், உடினா என்ற அரசியல்வாதி அந்த நாற்காலியில் இருப்பார். இதற்கெல்லாம் காரணம் புரியாமல் இல்லை. முப்பது முடிவுக்கும் தனித்தனி உலகம் கட்ட எந்த நிறுவனத்தாலும் முடியாது. கிளைகள் எங்கேயாவது ஒன்றுசேர்ந்துதான் ஆகவேண்டும். ஆனால் ஒன்றுசேரும் இடத்தில் நம்மை நிறுத்தி, நாம் யார் என்று கேட்டிருக்கலாம்.

இரண்டாம் பாகத்துல கலெக்டர் பேஸை வெடிக்க வெச்சேன். அதனால என்ன பயன்?

இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. இரண்டாம் பாகத்தின் ஆகப் பெரிய முடிவு அது: கலெக்டர்கள் என்ற எதிரி இனத்தின் தளத்தை அழிப்பதா, இல்லூசிவ் மேனிடம் கொடுப்பதா. மூன்றாம் பாகத்தில் உங்கள் படைபலம் மிக மிகக் குறைவாக இருந்தால், கடைசி மேடையில் மூன்று வழி வராது, ஒன்றுதான் வரும். அப்போது எது வரும் என்பதைத் தீர்மானிப்பது அந்தத் தளம்தான். அழித்தவருக்குச் சிவப்பு மட்டும், வைத்துக்கொண்டவருக்கு நீலம் மட்டும்.

அதாவது, உங்கள் பழைய முடிவு கடைசி நிமிடத்தில் எதிரொலிக்க வேண்டுமென்றால் ஆட்டத்தை ஏனோதானோவென்று ஆடியிருக்க வேண்டும். எல்லாப் பணியையும் பொறுமையாக முடித்து, எல்லாரையும் காப்பாற்றி வந்தவருக்கு அந்த முடிவு செல்லாக்காசு.

அப்போ மூணாவது பாகமே மோசமா? வாங்க வேணாமா?

ஐயோ, அப்படி நினைத்துவிடாதீர்கள். தேர்வுகளை வைத்துக் கதை சொல்வதில் இந்தத் தொடர் எட்டிய உச்சம் இதே மூன்றாம் பாகத்தில்தான் இருக்கிறது. அதனால்தான் கோபமே. குரோகன்களின் தாய்க்கோளான துச்சாங்காவில் நடக்கும் பகுதியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

குரோகன்கள் முரட்டு இனம். வேகமாகப் பெருகி எல்லாரையும் மிரட்டினார்கள் என்று, சலாரியன்கள் ஜெனோஃபேஜ் என்ற நோயை உருவாக்கினார்கள். டூரியன்கள் அதைக் குரோகன்கள்மேல் ஏவினார்கள். அதன்பிறகு ஆயிரம் கருவில் ஒன்றுதான் பிழைக்கும். இரண்டாம் பாகத்தில் உங்களோடு சேரும் மோர்டின் என்ற சலாரியன் மருத்துவர், அந்த நோய் வலுவிழந்தபோது அதை மறுபடி கூர்மையாக்கிய குழுவில் இருந்தவர். படபடவென்று பேசுவார், பாட்டு முணுமுணுப்பார், தான் செய்ததற்குக் கணக்குப் போட்டு நியாயம் சொல்வார். அவருடைய பழைய மாணவன் மேலான், குரோகன் பெண்களை வதைத்து மருந்து தேடியிருக்கிறான். அந்த ஆய்வுக் குறிப்புகளை வைத்துக்கொள்வதா அழிப்பதா என்பது உங்கள் முடிவு.

மூன்றாம் பாகத்தில் மருந்து தயார். ஒரு கோபுரத்தின் உச்சியிலிருந்து அதைக் காற்றில் கலக்க வேண்டும். சலாரியன் தலைவி உங்களைத் தனியே அழைத்து, மருந்து வேலைசெய்யாதபடி பார்த்துக்கொள், எங்கள் படை உனக்கு என்கிறாள். இங்கிருந்து பாருங்கள். உண்மையாக இருந்தால் மோர்டின் தானே கோபுரம் ஏறி, மருந்தைச் செலுத்தி, அங்கேயே மாண்டுபோவார். ஏமாற்ற நினைத்தால் அவரைப் பின்னாலிருந்து சுட வேண்டும். சுட்டபின் ரெக்ஸ் உயிரோடு இருந்தால், அவருக்கு ஒருநாள் உண்மை தெரியவரும். சிட்டடெலில் உங்களைத் தேடி வருவார். அது நல்லபடி முடியாது.

ஆனால் முதல் பாகத்தில் ரெக்ஸ் கடற்கரையிலேயே இறந்திருந்தால் குரோகன்களுக்குத் தலைவன் ரீவ். பழிவெறி பிடித்தவன். இரண்டாம் பாகத்தில் மேலானின் குறிப்புகளை அழித்திருந்தால், மருந்துக்கு உதவும் ஈவ் என்ற குரோகன் பெண்ணும் பிழைக்கமாட்டாள். இரண்டும் சேர்ந்தால், இந்த இனத்துக்கு இப்போது மருந்து கொடுப்பது சரியா என்று மோர்டினிடமே பேசிப் புரியவைக்க முடியும். அவர் தலைகுனிந்து இறங்கி வருவார். உயிரோடு இருப்பார்.

2007-இல் ஒரு கடற்கரை, 2010-இல் ஓர் ஆய்வுக்கூடம், 2012-இல் ஒரு கோபுரம். மூன்றும் ஒரே மனிதரின் உயிரில் வந்து முடிச்சிடுகின்றன. நல்லவராகவே ஆடினால் அவர் சாவார்; கசப்பான இரண்டைச் செய்திருந்தால் பிழைப்பார். புள்ளிப் பட்டியல் இங்கே வாயையே திறக்கவில்லை. செய்யத் தெரியாதவர்கள் கெடுத்திருந்தால் மனம் ஆறியிருக்கும்.

ரனோக் பகுதியும் இதற்குச் சளைத்ததல்ல. குவாரியன்கள் படைத்த கெத் இயந்திரங்கள், முந்நூறு ஆண்டுப் பகை. உங்கள் குழுவின் குவாரியன் டாலியும் கெத் லீஜனும் உயிரோடு இருந்து, முன்பு சிலதைச் சரியாகச் செய்திருந்தால் இருதரப்பையும் சமாதானம் செய்யலாம். இல்லையென்றால் ஓர் இனம் உங்கள் கண்முன் அழியும். இந்தச் சமாதானத்தைச் செய்துவிட்டு, கெத் கப்பல்கள் வெளியே நம் பக்கம் நின்று போரிடும்போது, அந்தச் சிறுவன் வந்து படைப்பு படைத்தவனை அழித்தே தீரும் என்கிறான். ஜன்னலுக்கு வெளியே பாருடா தம்பி என்று சொல்ல ஷெப்பர்டுக்கு ஒரு வரி வசனம் எழுதவில்லையே.

கேக் அனுப்பினாங்களாமே, உண்மையா?

உண்மை. ரசிகர்கள் காசு திரட்டி சுமார் 400 கப் கேக்குகளை பயோவேர் அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். மேலே சிவப்பு, நீலம், பச்சை க்ரீம். உள்ளே எல்லாம் ஒரே வெனிலா. நிறுவனம் அவற்றை உள்ளூர் இளையோர் காப்பகத்துக்குக் கொடுத்துவிட்டது. கோபத்தை இதைவிட அழகாகச் சொன்ன கூட்டத்தை நான் பார்த்ததில்லை.

ரீடேக் மாஸ் எஃபெக்ட் என்ற பெயரில் குழந்தைகள் மருத்துவமனைகளுக்கு உதவும் சைல்ட்ஸ் பிளே அமைப்புக்கு நிதி திரட்டினார்கள். 80,000 அமெரிக்க டாலருக்கு மேல் சேர்ந்தது. எதற்காக இந்தப் பணம் என்று குழப்பம் கிளம்பியதும் நிறுத்திவிட்டார்கள். அமெரிக்க வர்த்தக ஆணையத்திடம் விளம்பரமும் பொருளும் ஒத்துப்போகவில்லை என்று ஒருவர் புகார் கொடுத்தார். அது எனக்குக் கொஞ்சம் ஓவராகப் பட்டது. எழுத்தாளர்களைத் தனிப்பட்ட முறையில் திட்டியவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு வக்காலத்து வாங்க நான் இல்லை.

விளம்பரத்துல அப்படி என்ன சொன்னாங்க?

வெளியீட்டுக்கு இரண்டு மாதம் முன், இயக்குநர் கேஸி ஹட்சன் ஒரு பேட்டியில், முடிவு ஏ, பி, சி என்று எண்ணிச் சொல்லும்படி இருக்காது என்ற பொருளில் பேசியிருந்தார். வந்தது ஏ, பி, சி. அவ்வளவுதான் கதை.

பயோவேர் என்ன செஞ்சது?

நிறுவனர்களில் ஒருவரான ரே மூசிகா 2012 மார்ச் 21 அன்று ரசிகர்களுக்குத் திறந்த மடல் எழுதினார். ஜூன் 26 அன்று எக்ஸ்டெண்டட் கட் இலவசமாக வந்தது. நார்மண்டி ஏன் போனது, ஆட்கள் எப்போது ஏறினார்கள் என்பதற்குக் காட்சி சேர்த்தார்கள். ரிலேக்கள் சிதையவில்லை, பழுதானதோடு சரி என்று மாற்றினார்கள். யார் யார் என்ன ஆனார்கள் என்று படங்கள் வரும். அதில் உங்கள் பழைய முடிவுகளும் கொஞ்சம் தலைகாட்டும். நான்காவதாக ஒரு வழியும் வந்தது: சிறுவன் சொல்லும் எதையும் ஏற்கமாட்டேன் என்று மறுக்கலாம். அவனைச் சுட்டாலும் மறுப்பாகவே எடுத்துக்கொள்வான். குரல் மாறும், இந்தச் சுற்றில் எல்லாரும் அழிவார்கள், குழுவில் ஒருத்தியான லியாரா புதைத்துவைத்த பதிவுகளைக் கொண்டு அடுத்த சுற்றினர் ஜெயிப்பார்கள். சுடத்தான் எல்லாருக்கும் கை துறுதுறுத்தது என்பதை அவர்களும் அறிந்திருக்கிறார்கள்.

ஓட்டைகள் அடைபட்டன. அந்தச் சிறுவன் அப்படியே இருக்கிறான்.

இதெல்லாம் ஷெப்பர்டோட கனவுன்னு ஒரு தியரி இருக்கே?

இன்டாக்ட்ரினேஷன் தியரி. ரீப்பர்கள் மனத்தை வசப்படுத்துவார்கள் என்பது கதையிலேயே உண்டு. ஆகவே கடைசிக் காட்சி முழுக்க ஷெப்பர்டின் மனத்துக்குள் நடக்கும் மயக்கம், சிவப்பைத் தேர்ந்தவர்தான் விழித்துக்கொள்கிறார் என்பது வாதம். கனவில் வரும் மரங்கள், நல்லவரான ஆண்டர்சன் சிவப்பையும் கெட்டவரான இல்லூசிவ் மேன் நீலத்தையும் எடுப்பதுபோல் காட்டுவது என்று சான்றுகளும் அடுக்குவார்கள். கெட்டிக்காரத்தனமான வாசிப்பு. ஆனால் எழுதியவர் விட்ட இடத்தை வாசகர்கள் பாசத்தால் நிரப்பியது என்றே எனக்குத் தோன்றுகிறது. நம்புகிறவர்களிடம் நான் வாதாடுவதில்லை.

ஆன்லைன்ல ஆடாம நல்ல முடிவு கிடைக்காதாமே?

2012-இல் அது உண்மைக்கு மிக அருகில் இருந்தது. நீங்கள் சேர்த்த படைபலத்தைத் தயார்நிலை என்ற ஒரு சதவீதத்தால் பெருக்குவார்கள். அது 50-இல் தொடங்கும். 6,000 சேர்த்தால் கையில் 3,000. சதவீதத்தை ஏற்ற ஆன்லைன் ஆட்டம் ஆட வேண்டும். ஆடாமல் விட்டால் நாளடைவில் இறங்கியும் போகும். சிவப்பு முடிவில் இடிபாடுகளுக்குள் ஒரு மார்பு மூச்சிழுக்கும், ஷெப்பர்ட் உயிரோடு என்பதற்கான ஒரே தடயம். தனியாக ஆடியவர்களுக்கு அது எட்டாக்கனி.

நம் ஊரில் இது இன்னும் இடித்தது. இம்பி பிளாசா, லோ யாட் பக்கம் பழைய டிஸ்க் வாங்கி ஆடுவது அப்போது சாதாரணம். ஆன்லைனுக்கான குறியீட்டு எண் புது டிஸ்க்கோடு ஒருமுறைக்குத்தான் செல்லும். செகண்ட் ஹேண்டில் வாங்கியவர் அதைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். அதையும் வாங்கி உட்கார்ந்தால், வீட்டில் அக்கா கொரியத் தொடர் பார்க்க ஆரம்பித்ததும் லைன் அறுந்துவிடும். கதையின் முடிவை வீட்டு இணைய வேகத்தோடு கட்டிப்போட்ட யோசனை யாருடையதோ, அவரை ஒருநாள் மழைநேரத்தில் எங்கள் அடுக்குமாடிக்கு அழைத்து வந்து ஆடவிட வேண்டும்.

எக்ஸ்டெண்டட் கட் அந்த அளவுகளைக் குறைத்தது. லெஜண்டரி எடிஷனில் ஆன்லைன் பகுதியே கிடையாது.

சிங்கப்பூர்ல தடை போட்டாங்களாமே?

முதல் பாகத்துக்கு, 2007 நவம்பரில். பெண் ஷெப்பர்டுக்கும் லியாராவுக்கும் இடையிலான காதல் காட்சிக்காக. ரொம்ப நாள் நீடிக்கவில்லை. உடனே தடையை எடுத்துவிட்டு, 18 வயதானவர்களுக்கான எம்18 தரம் கொடுத்தார்கள்.

சிட்டடெல் டி.எல்.சி ஆடணுமா?

கட்டாயம். 2013 மார்ச்சில் வந்தது. ஆண்டர்சனின் வீட்டை ஷெப்பர்டுக்குக் கொடுப்பார்கள். ஒரு கேலிக்கூத்தான துப்பறியும் கதை, பிறகு பழைய கூட்டாளிகள் எல்லாரையும் அழைத்து ஒரு விருந்து. காரஸ், டாலி, ரெக்ஸ், லியாரா என்று ஒவ்வொருவரும் உங்களோடு பழகிய கதையை வைத்தே பேசுவார்கள். யார் வருவார், யார் வரமாட்டார் என்பது உங்கள் பழைய முடிவுகளைப் பொறுத்தது. கடைசி மேடையில் வராத பதில் இங்கே சிரிப்பாக வந்தது. இல்லூசிவ் மேனின் தளத்தைத் தாக்கப் போவதற்குச் சற்று முன் இதை ஆடுங்கள். விருந்து முடிந்து எல்லாரும் கப்பல் ஏறும் காட்சியோடு நிறுத்திக்கொண்ட ஒரு நண்பர் எனக்கு உண்டு. லண்டன் பக்கமே அவர் போனதில்லை. அவர் நிம்மதியாக இருக்கிறார்.

இப்போ எப்படி வாங்கலாம்? எந்த வரிசையில ஆடணும்?

2021 மே 14 அன்று வந்த லெஜண்டரி எடிஷனை வாங்குங்கள். மூன்று பாகமும், ஏறக்குறைய எல்லா டி.எல்.சியும் அதில் உண்டு. ஸ்டீம் என்ற இணையக் கடையில் ரிங்கிட் விலையிலேயே இருக்கிறது; அடிக்கடி பெரிய தள்ளுபடி வரும், அவசரப்படாதீர்கள். கணினியில் சுமார் 120 ஜிபி இடம் கேட்கும். விடுதியில் இருக்கும் மாணவர்கள் ஊருக்குப் போகும்போது பதிவிறக்கிக்கொள்வது நல்லது.

முதல் பாகத்திலிருந்தே தொடங்குங்கள். பழைய ஆட்டம், லிஃப்ட்டில் நிற்க வேண்டியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலிருந்து தொடங்குபவர்களுக்கு முந்தைய முடிவுகளைக் கேட்கும் படக்கதை ஒன்று உண்டு. அவசரத்துக்கு உதவும், ஆனால் கடற்கரையில் நின்று முடிவெடுப்பதும் படத்தில் டிக் அடிப்பதும் ஒன்றாகாது.

தமிழ் வசன வரி உண்டா?

இல்லை. ஐந்தாம் படிவ ஆங்கிலம் போதும்.

எந்த நிறத்தை எடுக்கணும்?

நான் எப்போதும் சிவப்பு. மூன்று பாகமாக எதற்குக் கிளம்பினோமோ அதைத்தான் செய்ய வேண்டும். யாரோ கடைசி ஐந்து நிமிடத்தில் வந்து சொன்னார் என்று அண்டசராசரத்தின் உடம்பையே கேட்காமல் மாற்ற எனக்கு மனம் வராது. ஆனால் கெத்தும் நார்மண்டியின் செயற்கை அறிவான ஈடியும் அதில் அழிவது என்னை விட்டு அகலவில்லை. கணினியில் ஆடுபவர்களுக்கு முடிவையே மாற்றும், ரசிகர்கள் எழுதிய மாற்று நிரல்கள் (mods) உண்டு. முதல்முறை போடாதீர்கள். ஏமாற்றத்தையும் அனுபவித்துவிட்டுப் பிறகு போடுங்கள்.

பயோவேர் அதுக்கப்புறம் திருந்துச்சா?

நழுவக் கற்றுக்கொண்டது. 2017-இல் வந்த ஆண்ட்ரோமீடாவின் கதை வேறொரு விண்மீன் மண்டலத்தில் நடக்கிறது. அதன் பயணிகள் மூன்றாம் பாகத்துக்கு முன்பே கிளம்பிவிட்டவர்கள். எந்த நிறம் என்ற கேள்வியே எழாது. அதே நிறுவனத்தின் டிராகன் ஏஜ் தொடரில், 2014-இன் இன்குவிசிஷனுக்குப் பழைய முடிவுகளைப் பதிந்துவைக்க ஒரு தனி இணையதளமே நடத்தினார்கள். 2024 அக்டோபர் கடைசியில் வந்த வெயில்கார்ட் முந்தைய பாகத்திலிருந்து மூன்றே மூன்று முடிவுகளைத்தான் கேட்டது. வாக்குக் கொடுத்துத் தவறுவதைவிட வாக்கே கொடுக்காமல் இருப்பது பாதுகாப்பு என்று நினைத்திருக்கலாம். எனக்கு அது இன்னும் பெரிய ஏமாற்றம். மூன்றாம் பாகமாவது ஆயிரம் முடிவுகளைச் சுமந்து வந்து வாசலில் தடுக்கி விழுந்தது.

அடுத்த மாஸ் எஃபெக்ட்டை 2020 நவம்பரில் அறிவித்தார்கள். அந்த டிசம்பரில் காட்டிய முன்னோட்டத்தில் லியாரா வருகிறாள். எந்த நிறத்தை உண்மை என்று எடுத்துக்கொள்வார்களோ, அன்று மாமாக் கடையில் இன்னொரு சண்டை இருக்கிறது.

என் தம்பி முதல் பாகத்துல ரெக்ஸைச் சுட்டுட்டான். சேவ் எதுவும் வெச்சுக்கல. திரும்ப முதல்லேருந்து ஆடச் சொல்லவா?

வேண்டாம். அவன் போக்கில் விடுங்கள். இரண்டாம் பாகத்தில் மேலானின் குறிப்புகள் வரும்போது மட்டும் பக்கத்தில் இருங்கள், எதுவும் சொல்லாமல். மோர்டின் அவனுக்குப் பிழைத்தாலும் பிழைப்பார்.